பேச்சுப் பயிற்சிச் செயலி: இயலாமை யாருடையது?

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு நாள், ஐம்பது வயதைக் கடந்த ஒருவரை அவருடைய மனைவி எனது புறநோயாளர் அறைக்கு அழைத்து வந்தார். சிப்காட் பகுதியில் உள்ள ஒரு பட்டறையில் நெடுங்காலம் லேத் இயக்கியவர் அவர். பக்கவாதம் தாக்கி ஏழு வாரங்கள் ஆகியிருந்தன. வலக்காலில் ஓரளவு வலு திரும்பியிருந்தது. வலக்கை இன்னும் தேறவில்லை. பேச்சோ "ஆமா", "அது", "ஐயோ" என்னும் மூன்று சொற்களுக்குள் நின்றுவிட்டது. (அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியுள்ளேன்.)

அந்த அம்மையார் ஒரு கைக்கணினியை என் மேசைமேல் வைத்தார். "டாக்டர், இதுல பேச்சு வரவைக்கிற ஆப் ஒண்ணு இருக்குன்னு பையன் போட்டுக் குடுத்தான். அஞ்சு நாள் வச்சுப் பார்த்தோம். இவருக்கு ஏறவே மாட்டேங்குது. மூளை அவ்வளவுதான் போல இருக்கு" என்றார். கணவர் அருகிலேயே அமர்ந்திருந்தார். அவர் தலை குனிந்துகொண்டார். பேச இயலாதவரே தவிர, மனைவி கூறியது அவருக்கு நன்றாகப் புரிந்தது.

"ஐயா, எனக்கு ஒரு தடவை செஞ்சு காட்டுங்க" என்று கேட்டுக்கொண்டு, நான் வாய் திறவாமல் கவனித்தேன். திரையில் நான்கு படங்கள் தோன்றின. "மகிழுந்து எது?" என்று ஒரு குரல் கேட்டது. அவர் நெடுநேரம் யோசித்தார். பின்னர் கார் படத்தின் மீது இடக்கை விரலை வைத்தார். பழக்கமில்லாத கையாதலால் விரல் சற்று அழுந்தி நின்றது. செயலி அதனை "நீண்ட அழுத்தம்" என்று கொண்டு, வேறொரு பட்டியலைத் திறந்துவிட்டது. அதை மூடிவிட்டு மீண்டும் தொடுவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. சிவப்புக் குறியும், பள்ளி மணி போன்ற ஓசையும் எழுந்தன. "அடுத்து" என்னும் பொத்தான் திரையின் வலது ஓரத்தில் இருந்தது. அவர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. பக்கவாதத்தால் அவருடைய பார்வையின் வலப்பகுதி குறைந்திருந்ததே அதற்குக் காரணம்.

இவற்றுள் எது அவருடைய மூளையின் தோல்வி? தம் வாழ்நாளில் அவர் ஒருமுறையேனும் காரை "மகிழுந்து" என்று அழைத்திருப்பாரா? கார் எது என்று அவருக்குத் தெரிந்தது. சரியான படத்தின் மீதே விரலை வைத்தார். ஆனால் ஐந்து நாட்களாக அந்தச் செயலி, "நீ தவறு" என்று அவருக்கும் அவர் மனைவிக்கும் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. இருவரும் அதை நம்பிவிட்டார்கள்.

இத்தகைய செயலிகளைக் கொண்டு வருவோர் இப்போது எங்கள் மருத்துவமனையிலும் பெருகி வருகின்றனர். ஆகவே, அவற்றை எவ்வாறு சோதிப்பது, எவ்வாறு தேர்ந்தெடுப்பது, அவற்றிடமிருந்து எவ்வளவு எதிர்பார்ப்பது என்பவற்றை நோயாளிகளும் அவர்களைப் பேணும் குடும்பத்தாரும் அறிந்துகொள்வது நலம்.

பேச்சிழப்பு என்பது என்ன?

பெரும்பாலோருக்கு மொழியை ஆளும் பகுதிகள் மூளையின் இடப்பக்கத்தில் அமைந்துள்ளன. பேச்சை இழந்த ஒரு நோயாளியின் மூளையை, அவர் இறந்த பின் ஆராய்ந்து, இடப்பக்க முன்பகுதியில் சேதம் இருந்ததைப் பிரெஞ்சு மருத்துவர் பால் புரோக்கா 1861ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். அப்பகுதிகளுக்குச் செல்லும் இரத்தம் தடைப்படும்போது, சொற்களைத் தேடி எடுத்தல், பிறர் பேச்சைப் புரிந்துகொள்ளுதல், படித்தல், எழுதுதல் ஆகியவற்றுள் ஒன்றோ பலவோ பாதிக்கப்படுகின்றன. இதனை மருத்துவர்கள் அஃபேசியா என்பர். பக்கவாதம் கண்டவர்களுள் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு இது நேர்கிறது.

இங்கு இரண்டு செய்திகளை மனத்தில் இருத்த வேண்டும். முதலாவது, பேச்சிழப்பு அறிவிழப்பு அன்று. வீட்டுக் கணக்கு, உறவுகள், கோபதாபங்கள், மானம் ஆகிய யாவும் உள்ளே இருக்கின்றன. சொல் மட்டும் கைக்கு எட்டவில்லை. இரண்டாவது, பேச்சிழப்பு வேறு, பேச்சுக் குழறல் வேறு. நாக்கு, உதடு, தொண்டைத் தசைகள் வலுவிழந்து சொற்கள் தெளிவற்று வருவதை டிசார்த்திரியா என்பர். அவர்களுக்குச் சொல் தெரியும். ஒலி தெளிவாக வராது. இவ்விரண்டிற்கும் பயிற்சிகள் வேறு. ஆகவே செயலிகளும் வேறு. உங்கள் குடும்பத்தவருக்கு இருப்பது எது என்பதைப் பேச்சு மொழிச் சிகிச்சையாளரிடம் கேட்டறியாமல் எந்தச் செயலியையும் தொடங்க வேண்டாம்.

செயலி எதற்காகத் தேவைப்படுகிறது?

பேச்சுப் பயிற்சியில் பயன் தருவது, மீண்டும் மீண்டும் செய்வதே. கையை மடக்கி நீட்டும் பயிற்சியைப் போலவே, சொல்லைத் தேடி எடுக்கும் பயிற்சியும் நாள்தோறும் நடைபெற வேண்டும். ஆனால் சிகிச்சையாளர்கள் குறைவு. 1965இல் மைசூரில் தொடங்கப்பட்ட அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனமும், பெங்களூரு நிமான்ஸ் மருத்துவமனையும் இத்துறையில் நாடறிந்தவை. இரண்டும் எல்லைக்கு அப்பால், நமக்கு எட்டும் தொலைவிலேயே உள்ளன. எனினும் மூக்கண்டப்பள்ளியிலிருந்து ஒருவர் வாரத்திற்கு இருமுறை பெங்களூரு சென்று திரும்ப வேண்டுமானால், நோயாளியுடன் உடன் செல்பவருக்கும் அன்றைய ஷிப்டுக் கூலி போய்விடும். இரண்டு மாதங்களில் பெரும்பாலானோர் நின்றுவிடுவதற்கு அக்கறையின்மை காரணம் அன்று. இந்தக் கணக்கே காரணம். வீட்டிலிருந்தபடியே நாள்தோறும் பயிற்சி செய்ய ஒரு கருவி இருக்குமானால், அது பெரிய உதவியே.

அத்தகைய கருவியால் உண்மையில் பயன் உண்டா என்பதைப் பிரித்தானியாவில் 278 பேரைக் கொண்டு ஆராய்ந்தார்கள். "பிக் காக்டஸ்" என்று பெயரிடப்பட்ட அந்த ஆய்வின் முடிவுகள் 2019இல் "லான்செட் நியூராலஜி" இதழில் வெளிவந்தன. பங்கேற்ற அனைவரும் பக்கவாதம் வந்து குறைந்தது நான்கு மாதங்களைக் கடந்தவர்கள். பல ஆண்டுகளைக் கடந்தவர்களும் இருந்தனர். ஒரு பிரிவினருக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். இன்னொரு பிரிவினருக்கு அதனுடன் புதிர்ப் புத்தகங்கள். மூன்றாம் பிரிவினருக்கு அதனுடன் கணினி வழிப் பயிற்சி ஆறு மாதங்கள். கணினியில் பயின்றவர்கள் தாம் பழகிய சொற்களைக் கூறும் திறனில் சராசரியாக 16.4 சதவீதம் முன்னேறினர். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களிடம் அது 1.1 சதவீதமே.

அந்த ஆய்விலிருந்து நாம் கற்க வேண்டியவை மூன்று. பக்கவாதம் வந்து ஆண்டுகள் கடந்தவர்களுக்கும் முன்னேற்றம் இயலும் என்பது ஒன்று. அவர்கள் பயின்ற சொற்கள் ஏதோ ஒரு பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டவை அல்ல. ஒவ்வொருவரும் தமக்கு வேண்டிய நூறு சொற்களைத் தேர்ந்தெடுத்துக்கொண்டனர் என்பது இரண்டு. பயின்ற சொற்கள் திரும்பின. ஆனால் அன்றாட உரையாடல் அந்த அளவிற்கு மேம்பட்டதாகக் காணப்படவில்லை என்பது மூன்று. செயலி சொற்களை மீட்டுத் தரும். அச்சொற்களைப் பேச்சாக்கும் வேலை வீட்டில் உள்ளவர்களுடையது. இதனை மறைத்து, "முப்பது நாளில் பேச்சு" என்று விளம்பரம் செய்யும் எதையும் நம்ப வேண்டாம்.

செயலியைச் சோதிப்பது எப்படி?

நமது பகுதியில் தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்களுக்கு இதனை விளக்குவது எளிது. ஓர் இயந்திரத்தில் பணியாளரின் கை அடிக்கடி தவறான நெம்புகோலுக்குப் போகிறது என்றால், நல்ல பொறியாளர் பணியாளரைத் திட்டுவதில்லை; நெம்புகோலின் இடத்தை மாற்றுவார். கணினித் துறையிலும் இதே கேள்வியை ஆராயும் பிரிவு ஒன்று உண்டு. மனிதர்கள் கணினியை எவ்வாறு கையாளுகிறார்கள், எங்கே தடுமாறுகிறார்கள், ஏன் தடுமாறுகிறார்கள் என்பதை அது ஆய்கிறது. அதன் முதன்மையான கருவி, பயன்பாட்டுச் சோதனை.

செய்முறை எளியது. செயலியைப் பயன்படுத்தப் போகும் ஒருவரை அமர்த்தி, ஒரு சிறு வேலையைக் கொடுப்பார்கள். ஆய்வாளர் அருகில் இருந்து கவனிப்பார், உதவ மாட்டார். எங்கே விரல் தயங்குகிறது, எங்கே தவறான இடத்தைத் தொடுகிறது, எப்போது முகம் சுளிக்கிறது என்று குறித்துக்கொள்வார். டென்மார்க்கைச் சேர்ந்த ஜேக்கப் நீல்சனும் தாமஸ் லாண்டவரும் 1993இல் வெளியிட்ட கணக்கின் அடிப்படையில், ஐந்து பேரைக் கவனித்தாலே ஒரு மென்பொருளின் குறைகளுள் ஏறத்தாழ 85 சதவீதம் வெளிப்பட்டுவிடும் என்று நீல்சன் பின்னர் எழுதினார். பெரும் செலவு தேவையில்லை. பொறுமையாகப் பார்க்கும் கண் போதும் என்பதே இதன் பொருள்.

ஆனால் பேச்சிழப்பு உள்ளவர்களிடம் இம்முறை ஓரிடத்தில் முட்டி நிற்கிறது. வழக்கமான சோதனையில், "நீங்கள் நினைப்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள்" என்று பங்கேற்பவரைக் கேட்டுக்கொள்வார்கள். பேச்சையே இழந்தவரிடம் இதை எவ்வாறு கேட்பது? சோதனை முடிந்ததும் ஒரு வினாத்தாள் தருவதும் வழக்கம். ஜான் புரூக் 1986இல் வகுத்த பத்து வாக்கியங்கள் கொண்ட வினாத்தாள் உலகெங்கும் புழங்குகிறது. அதில் ஒரு வாக்கியம் செயலியைப் புகழும். அடுத்தது குறை கூறும். ஒவ்வொன்றையும் படித்து, எந்த அளவிற்கு உடன்படுகிறீர்கள் என்று ஐந்து படிகளில் குறிக்க வேண்டும். நீண்ட வாக்கியம் புரியாத ஒருவருக்கு இந்த வினாத்தாளே ஒரு தேர்வாகிவிடும்.

ஆகவே ஆய்வாளர்கள் தம் முறையை மாற்றிக்கொண்டனர். லண்டன் சிட்டி பல்கலைக்கழகத்தில் பேச்சுச் சிகிச்சையாளர்களும் கணினி அறிஞர்களும் இணைந்து பணியாற்றியபோது, பேச்சிழப்பு உள்ளவர்களையே ஆலோசகர்களாக வைத்துக்கொண்டனர். "ஈவா பார்க்" என்னும் கற்பனைத் தீவு ஒன்றைக் கணினியில் அவர்கள் அவ்வாறே உருவாக்கினர். பேச்சிழப்பு உள்ளவர்கள் அதனுள் உலவிப் பிறருடன் பேசிப் பழகலாம். இத்தகைய பணிகளில் நீண்ட கேள்விகளுக்கு மாறாக ஒரு நேரத்தில் ஒரு சிறு கேள்வி, எழுத்துக்கு மாறாகப் படம், "ஆம்", "இல்லை" என்று காட்டும் அட்டை, கட்டைவிரலை உயர்த்தியோ தாழ்த்தியோ விடையளித்தல், தேவையான அளவு ஓய்வு என்பன இடம்பெறுகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, வாய்ச்சொல்லைக் காட்டிலும் விரலையும் முகத்தையும் நம்புகிறார்கள்.

பயனாளரே சிறந்த சோதனையாளர்

நம் தமிழ்நாட்டிலேயே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. சென்னை ஐஐடியில் பயின்ற அஜித் நாராயணன், பேச இயலாத குழந்தைகள் படங்களைத் தொட்டுப் பேசுவதற்காக "ஆவாஸ்" என்னும் கருவியை உருவாக்கினார். 1985இல் சென்னையில் தொடங்கப்பட்ட வித்யாசாகர் என்னும் அமைப்பின் குழந்தைகளோடும் சிகிச்சையாளர்களோடும் பழகியே அது வளர்ந்தது. தொடக்கத்தில் அது தனியொரு சாதனமாக இருந்தது. பின்னர் கைக்கணினியில் இயங்கும் செயலியாக மாறியது. 2010ஆம் ஆண்டிற்கான மாற்றுத்திறனாளிகள் மேம்பாட்டுத் தேசிய விருது அதற்குக் கிட்டியது. "படத்தைத் தொட்டுப் பேசப் பழகிவிட்டால் குழந்தை வாயால் பேசாமலே போய்விடுமோ?" என்று பெற்றோர் பலர் அஞ்சுகின்றனர். இத்தகைய கருவிகள் இயல்பான பேச்சைத் தடுப்பதில்லை என்பதே இதுவரை வந்துள்ள ஆய்வுகள் காட்டுவது. பல குழந்தைகளுக்கு அது பேச்சுக்கு ஏணியாகவே அமைகிறது.

மற்றொரு சான்று, இயற்பியல் அறிஞர் ஸ்டீபன் ஹாக்கிங். 1985இல் செய்த தொண்டை அறுவை சிகிச்சைக்குப் பின் அவர் குரலை இழந்தார். பிற்காலத்தில் கன்னத் தசையின் சிறு அசைவைக் கொண்டு கணினியில் சொற்களைத் தேர்ந்தெடுத்தார். அவருக்குப் புதிய மென்பொருள் அமைக்க இன்டெல் நிறுவனத்தின் குழுவொன்று முயன்றபோது, கண் அசைவைப் பின்தொடரும் கருவி போன்ற புதுமைகளைக் கொண்டு சென்றது. அவருடைய இமைகள் தாழ்ந்திருந்ததால் அது சரிவரவில்லை. அவருக்குப் பழகிய அமைப்பை அடியோடு மாற்றாமல், அதன்மேல் சிறுசிறு திருத்தங்களைச் செய்தபோதுதான் வேலை முடிந்தது. உலகின் தேர்ந்த பொறியாளர்கள்கூட, பயனாளரின் அருகில் அமர்ந்து பார்த்த பிறகே எது உதவும் என்பதை அறிந்தனர்.

எல்லைப்புறத்தின் மொழிச் சிக்கல்

மேற்கூறிய ஆய்வுகளுள் பெரும்பான்மை ஆங்கிலம் பேசுவோரிடம் நடந்தவை. நமது நிலை வேறு. மூக்கண்டப்பள்ளியில் ஒரே தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது ஆகிய நான்கும் ஒலிக்கின்றன. வேலைக்கு வந்தவர்களின் இந்தியும் சேர்ந்துகொள்கிறது. வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ், பட்டறையில் கன்னடம் என்று வாழ்ந்தவருக்கு எந்த மொழியில் பயிற்சி தருவது? முதலில் கற்ற மொழியே முதலில் மீளும் என்று பிரெஞ்சு அறிஞர் ரிபோ 1881இல் கருதினார். நோய்க்குமுன் மிகுதியாகப் புழங்கிய மொழியே முதலில் மீளும் என்று பித்ர் 1895இல் எழுதினார். நடைமுறையில் இரண்டும் நிகழ்கின்றன. எல்லா மொழிகளும் ஒருசேர மீள்வதும் உண்டு. ஆகவே செயலியில் எந்த மொழி கிடைக்கிறது என்பதைக் கொண்டு முடிவு செய்யாமல், நோயாளிக்கு எந்த மொழியில் சொல் எழுகிறது என்பதைக் கொண்டு முடிவு செய்ய வேண்டும். அவர் தமிழ்ச் சொல்லுக்குக் கன்னடத்தில் விடை சொன்னால் அது தவறன்று, நல்ல அறிகுறி.

தமிழிலேயே இன்னொரு சிக்கல் உண்டு. நாம் எழுதும் தமிழ் வேறு; பேசும் தமிழ் வேறு. செயலிகள் பெரும்பாலும் எழுத்துத் தமிழில் கேட்கின்றன. "நாற்காலி" என்று செயலி எதிர்பார்க்கும். நோயாளி "சேர்" என்பார். "தண்ணீர்" என்று அது கேட்கும். அவர் "தண்ணி" என்பார். அவர் சொன்னதே வாழும் சொல்.

குரலைக் கேட்டு மதிப்பெண் இடும் செயலிகளிடம் மேலும் கவனம் தேவை. தெளிவான குரல்களைக் கொண்டு பழக்கப்பட்ட மென்பொருளுக்குக் குழறிய குரல் புரிவதில்லை. சென்னையை அடுத்த எஸ்.எஸ்.என். பொறியியல் கல்லூரி ஆய்வாளர்கள் பேச்சுக் குழறல் உள்ளவர்களின் தமிழ்க் குரல்களைப் பதிவு செய்து ஒரு தொகுப்பை உருவாக்கி 2016இல் அறிவித்தது இக்குறையைக் களையும் முயற்சியே. அத்தகைய பணிகள் பெருகும்வரை, கணினி தரும் மதிப்பெண்ணை நோயாளியின் முன்னேற்றத்திற்கு அளவுகோலாகக் கொள்ள வேண்டாம். மதிப்பெண்ணை மறைக்கும் வசதி இருப்பின் மறைத்துவிடுங்கள்.

வீட்டிலேயே ஒரு சோதனை

புதிய செயலி ஒன்றைத் தொடங்கும் முன், கீழ்க்கண்டவாறு ஒருமுறை செய்து பாருங்கள். இருபது நிமிடங்கள் போதும்.

1. நோயாளி களைப்பின்றி இருக்கும் நேரத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். பெரும்பாலோருக்குக் காலை நேரம் நல்லது. தொலைக்காட்சியை நிறுத்துங்கள். மூக்குக் கண்ணாடி, காது கேட்கும் கருவி இருப்பின் அணிவியுங்கள்.

2. அவருடைய இடப்பக்கம் அமருங்கள்; கைக்கணினியையும் நடுவிலிருந்து சற்று இடப்புறமாக வையுங்கள். இடப்பக்க மூளை பாதிக்கப்பட்டவர்களுட் பலருக்கு வலப்பக்கப் பார்வை குறைந்திருக்கும்.

3. ஒரே ஒரு பயிற்சியை நீங்கள் செய்து காட்டுங்கள். பின்னர் அவரிடம் கொடுத்துவிட்டு, கையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் விரலைப் பிடித்துத் திரையில் வைக்காதீர்கள். விடையை முந்திக்கொண்டு சொல்லாதீர்கள். மனத்திற்குள் பத்துவரை எண்ணுங்கள்.

4. தடுமாறும் ஒவ்வோர் இடத்தையும் ஒரு தாளில் குறியுங்கள்: கேள்வி புரியவில்லையா, சொல் பழக்கமில்லாததா, படம் தெளிவில்லையா, பொத்தான் சிறியதா, நேரம் போதவில்லையா, ஓசை கேட்டு அஞ்சினாரா?

5. முடிந்ததும், "நாளைக்கும் செய்யலாமா?" என்று மட்டும் கேளுங்கள். தலையசைப்போ கட்டைவிரலோ போதும். அவர் வேண்டாம் என்றால் அதற்கு மதிப்புக் கொடுங்கள். வற்புறுத்தித் தொடர்ந்த பயிற்சி நிலைப்பதில்லை.

இக்குறைகளுட் சிலவற்றை நீங்களே நீக்கலாம். கைப்பேசியின் அமைப்புகளில் "அணுகல்தன்மை" என்னும் பகுதியில் எழுத்தைப் பெரிதாக்கவும், விரல் அழுந்தி நிற்கும் நேரத்தைக் கூட்டவும் இயலும். பயிற்சி நேரத்தில் பிற அறிவிப்புகள் வராமல் நிறுத்திவையுங்கள். நேரக் கட்டுப்பாட்டை நீக்க இயலாத செயலியையும், உங்கள் சொந்தப் படங்களையும் சொற்களையும் சேர்க்க இடம் தராத செயலியையும் தவிர்ப்பது நலம். பணம் கட்டும் முன் இலவசமாகச் செய்து பார்க்கும் வாய்ப்பு உண்டா என்று பாருங்கள். நோயாளியின் குரலும் முகமும் எங்கே சேமிக்கப்படுகின்றன என்பதையும் படித்தவர் ஒருவரைக் கொண்டு அறிந்துகொள்ளுங்கள்.

பயிற்சி முடிந்த பின், அன்று பழகிய சொல்லை வீட்டில் புழங்க வையுங்கள். "காபி" என்று பழகினால், காபி கொடுக்கும் நேரத்தில் சற்றுப் பொறுத்து, அவர் கேட்க இடம் கொடுங்கள். சொல் வராவிட்டால் கைகாட்டட்டும், அதுவும் பேச்சே. அவர் முன்னிலையில் அவரைப் பற்றி மூன்றாம் மனிதரைப் போலப் பேசாதீர்கள்.

மறக்கக் கூடாதவை சில

திடீரென முகம் கோணுதல், ஒரு கை கால் செயலிழத்தல், பேச்சு குழறுதல் அல்லது நின்றுபோதல் ஆகியவற்றுள் எது நேர்ந்தாலும் உடனே 108ஐ அழையுங்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை, தகுதியுள்ளவர்களுக்கு, அறிகுறி தொடங்கிய நான்கரை மணி நேரத்திற்குள் போட்டாக வேண்டும். முந்தும் ஒவ்வொரு நிமிடமும் மூளையைக் காக்கும். ஒருமுறை பக்கவாதம் கண்டவர்கள் இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றுக்கான மாத்திரைகளை நிறுத்தவே கூடாது. மருத்துவமனைக்கு வர இயலாதவர்கள், 2021 ஆகஸ்ட் 5 அன்று நமது மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தின் பணியாளர்களை அணுகலாம். வீட்டிலேயே இயன்முறைச் சிகிச்சையும் அதன் பகுதியே.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பேச்சு மற்றும் மொழிக் குறைபாட்டை அங்கீகரிக்கப்பட்ட குறைபாடுகளுள் ஒன்றாக ஏற்றுள்ளது. நிலையான பேச்சிழப்பும் அதில் அடங்கும். கை கால் பாதிப்புக்கு மட்டுமே சான்றிதழ் உண்டு என்று எண்ணி இருந்துவிடாதீர்கள்.

அந்தப் பட்டறைத் தொழிலாளர்

அன்று நாங்கள் அந்தச் செயலியை நீக்கினோம். பேச்சு மொழிச் சிகிச்சையாளரின் யோசனைப்படி, படமும் குரலும் நாமே சேர்க்கக்கூடிய எளிய செயலி ஒன்றை நிறுவினோம். அவர் மனைவி வீட்டில் உள்ள பொருள்களைப் படம் எடுத்தார். தம் குரலிலேயே பெயர்களைப் பதிவு செய்தார்: சட்டை, செருப்பு, டிபன், தண்ணி, பேத்தியின் பெயர். மகன் பட்டறைக்குச் சென்று லேத், வெர்னியர், ஸ்பேனர் ஆகியவற்றைப் படம் பிடித்து வந்தார். நாளொன்றுக்கு இருமுறை, பத்துப் பத்து நிமிடங்கள்.

அதிசயம் ஒன்றும் நிகழவில்லை. மூன்று மாதங்களுக்குப் பின் வந்தபோது, அவரிடம் ஏறத்தாழ நாற்பது சொற்கள் இருந்தன. வாக்கியமாகப் பேசுவது இன்னும் கடினமே. சில நாட்களில் பேத்தியின் பெயர் நழுவிவிடுகிறது. ஆனால் நான் கைக்கணினியில் வெர்னியர் படத்தைக் காட்டி, வேண்டுமென்றே "இது ஸ்பேனரா?" என்று கேட்டபோது, அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். முப்பது ஆண்டுகள் இயந்திரத்தோடு வாழ்ந்தவர் ஒரு கற்றுக்குட்டியைப் பார்க்கும் பார்வை அது. "வெர்னி... யர்" என்றார். மனைவி சிரித்தார், அவரும் சிரித்தார்.

"மூளை அவ்வளவுதான்" என்று யாரும் அதன்பின் சொல்லவில்லை. உங்கள் இல்லத்திலும் ஒரு கைக்கணினி மேசை இழுப்பறையில் கிடக்குமானால், அதை வெளியே எடுங்கள். அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது, மருந்துச் சீட்டோடு அதனையும், தடுமாறிய இடங்களைக் குறித்த தாளையும் எடுத்து வாருங்கள். நாம் சேர்ந்து அமர்ந்து பார்ப்போம்.